ஓர் ஈர்க்குச்சி போதும்



தீபாவளிக்குச் சுட்ட முறுக்கும் அதிரசமும் டின்னில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கிறது. நவம்பரில் தொடங்கி மார்ச் வரைக்கும் அது நம் ஜோகூரில் என்னவெல்லாம் செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 2006 டிசம்பரில் ஒரு முறை, மூச்சு வாங்குவதற்குள் 2007 ஜனவரியில் மறுமுறை என்று கோத்தா திங்கி அடுத்தடுத்து மூழ்கியது. சிகாமட், மூவார், பத்து பகாட் என மாநிலம் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு நிவாரண மையங்களுக்குப் போனார்கள். 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட் வட்டாரங்களில் தண்ணீர் வடிய வாரக்கணக்காயிற்று. 2025 மார்ச்சில், நோன்பு மாதத்தில், ஜோகூர் பாருவின் தாமான்களுக்குள்ளேயே வெள்ளம் வந்தது.

மழைக்காலம் நெருங்கும்போது பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள், சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை கையிருப்பைப் பாருங்கள், பக்கத்து வீட்டுப் பாட்டியை மறக்காதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் எழுதுவது வழக்கம். அவை இப்போதும் பொருந்தும். இந்த மாதம் அவற்றோடு இன்னொன்றைக் கேட்கப்போகிறேன். உங்கள் காரில் மழைத்தண்ணீர் வெளியே போவதற்கென்று வைத்திருக்கும் துளைகளைத் தேடிப் பாருங்கள். அவை திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஆசிரியர் பக்கத்தில் எழுத இதுவா விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். நம் வீடுகளின் கணக்கை நினைத்துப் பாருங்கள். வீட்டுக் கடனுக்கு அடுத்து நம் குடும்பங்கள் சுமக்கும் பெரிய கடன் காருக்குத்தான். மாதத் தவணை கைக்கு அடங்க வேண்டும் என்று 9 ஆண்டுக் கடன் எடுக்கிறோம். ரெங்கத்திலோ லாயாங் லாயாங்கிலோ தோட்டத்து உள்சாலையில் குடியிருக்கும் குடும்பத்துக்குக் கார் இல்லையென்றால் மருத்துவமனை இல்லை, பிள்ளைகளுக்கு டியூஷன் இல்லை, கோயில் திருவிழாவும் இல்லை. அப்படிப்பட்ட கார், கடைசித் தவணை கட்டுவதற்கு முன்பே கதவடியில் துருப்பிடித்து நிற்பதைப் பார்க்கும்போது மனம் ஆறவில்லை. அந்தத் துரு பெரும்பாலும் தடுக்கக்கூடியது என்று தெரியும்போது இன்னும் ஆறவில்லை.

காரைத் தண்ணீர் புகாத பெட்டி என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். மழையில் நிற்கும் எந்தக் காருக்குள்ளும் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கும். கதவுக் கண்ணாடி ஏறி இறங்க ஓர் இடைவெளி வேண்டும். அங்கே இருக்கும் ரப்பர் பட்டை கண்ணாடியைத் துடைக்குமே தவிர, தண்ணீரை முழுக்கத் தடுக்காது. முன் கண்ணாடியில் விழும் மழை முழுவதும் வழிந்து வைப்பருக்குக் கீழே இறங்குகிறது. கூரைக் கண்ணாடி உள்ள காரில் அந்தக் கண்ணாடியைச் சுற்றியும் கசியும். காரை வடிவமைத்தவர்களுக்கு இதெல்லாம் தெரியும். தண்ணீர் வரட்டும், வந்த வேகத்தில் வெளியே போகட்டும் என்று வழி வைத்திருக்கிறார்கள். தாமானில் நம் வீட்டு முன்னால் ஓடும் கால்வாயைப் போலத்தான் இதுவும்: அடைக்காத வரையில் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது, அடைத்துக்கொண்டால் தண்ணீர் வாசற்படி ஏறும்.

முதலில் பார்க்க வேண்டிய இடம், முன் கண்ணாடிக்கும் போனெட்டுக்கும் நடுவே வைப்பர்கள் பொருத்தியிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பலகை. சல்லடைபோல் கண்கள் இருக்கும். அதன் அடியில் காரின் அகலத்துக்கு ஒரு தகரத் தொட்டி ஓடுகிறது. கண்ணாடியில் வழியும் தண்ணீர் அந்தத் தொட்டியில் விழுந்து, இரு ஓரங்களிலும் உள்ள துளைகள் வழியாக இறங்கி, முன் சக்கரங்களுக்குப் பின்னால் தரைக்குப் போய்விடும். ஏசிக்கும் மின்விசிறிக்கும் வெளிக்காற்று எடுக்கும் வாயும் இதே தொட்டியில்தான் திறக்கிறது. கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. இலைகள் மக்கிச் சேறாகித் துளையை அடைத்துவிட்டால், பெருமழையில் தொட்டி நிறையும். நிறைந்த தண்ணீர் காற்று வாய்க்குள் வழிந்து, விசிறி மோட்டாரையும் வடிகட்டியையும் நனைத்துக்கொண்டு காருக்குள் இறங்கும். ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும் நம் ஊர்க் கார்களில் அந்த விசிறி பெரும்பாலும் இடப்பக்கம், முன் பயணியின் காலுக்கு மேலே, சாமான் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது.

ஆகவே முதல் அடையாளம் இடப்பக்க முன் கம்பளத்தில் தெரியும். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். கையை வைத்து அழுத்தினால் விரல் நனையும். கம்பளத்துக்கு அடியில் தடித்த நுரைப்பஞ்சு இருக்கிறது. அது குடித்த தண்ணீரை நம் ஊர்ப் புழுக்கத்தில் வாரக்கணக்கில் விடாது. காலையில் கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்திருக்கும். ஏசியைப் போட்டதும் ஊறிப்போன துணியின் நாற்றம் அடிக்கும். நாம் என்ன செய்கிறோம்? வாசனை டப்பா ஒன்றை வாங்கி வைக்கிறோம். அடியில் பூஞ்சணம் வளர்ந்துகொண்டிருக்கும். இளைப்பு உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் அம்மாக்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று வேண்டிக் கேட்கிறேன். சில கார்களில் அதே இடத்துக்குப் பக்கத்தில் ஃபியூஸ் பெட்டியும் மின் இணைப்புகளும் இருக்கின்றன. அங்கே ஈரம் ஏறினால் எந்த விளக்கு எப்போது எரியும், எந்த விளக்கு எரியாது என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டறைக்கு நடந்து நடந்து பணம் கரைந்துவிடும்.

அந்தத் தொட்டியை எது அடைக்கிறது? நம் ஊர் மரங்கள்தான். அவற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெயிலில் அவை இல்லாவிட்டால் நாம் என்ன ஆவோம்! சாலையோரம் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள் சின்னஞ்சிறியவை. விரல் நுழையாத கண்ணிலும் அவை நுழையும். அங்சானா மரம் நம் வேங்கைக்கு உறவு. அது பூத்து உதிர்ந்த காலையில் சாலை முழுக்க மஞ்சள் விரித்துக் கிடக்கும் அழகை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காரின் மேல் விழுந்த பூவெல்லாம் அடுத்த மழையில் நேராகத் தொட்டிக்குத்தான் போகும். பெருங்கொன்றையும் அப்படியே. வீட்டு வாசலில் மாவோ ரம்புத்தானோ இருந்தால் பூவோடு பிசினும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

ஓடாமல் நிற்கும் காருக்கு ஆபத்து கூடுதல். விடியற்காலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, உட்லண்ட்ஸ் பாலத்திலோ இரண்டாம் இணைப்புப் பாலத்திலோ வரிசை பிடித்து, சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு இரவு திரும்பும் நம் பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்கள் வாங்கிய கார் வாரம் முழுக்க வீட்டுக்கு எதிரே மரத்தடியில் நிற்கிறது. ஓடும் காரில் காற்று கொஞ்சம் இலைகளையாவது அள்ளிப்போகும். நிற்கும் காரில் எல்லாம் படிந்து மக்கும். அண்ணனோ தம்பியோ அந்தப்பக்கம் வேலையில் இருந்தால், இந்தப்பக்கம் இருக்கிறவர்கள் வாரத்துக்கு ஒருமுறை அந்தக் கறுப்புப் பலகையின் மேலே கிடப்பதைக் கையால் பொறுக்கிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். இடப்பக்கக் கம்பளம் நனைவதற்கு மழை மட்டும் காரணமில்லை. ஏசி ஓடும்போது காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராகிறது. அதை வெளியேற்ற ஒரு சிறு குழாய் காருக்கு அடியில் இறங்குகிறது. நிறுத்தின காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவது நல்ல அறிகுறி. குழாய் வேலை செய்கிறது. அது அடைத்தாலும் தண்ணீர் காருக்குள்தான் வரும். மழையே இல்லாத நாளில், ஏசி போட்டு ஓட்டிய பிறகு கம்பளம் நனைந்தால் ஏசிக் குழாயைச் சந்தேகியுங்கள். ஏசி போடாமல் நின்ற கார் மழைக்குப் பிறகு நனைந்தால் மேலே சொன்ன தொட்டியைப் பாருங்கள். இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பட்டறையில் தேவையில்லாத செலவு பாதி குறையும்.

ஒரு துளை அடைப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி ஒன்று உண்டு. 2013 அக்டோபரில் டொயோட்டா நிறுவனம் கேம்ரி, அவலான், வென்சா ஆகிய கார்களில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. காரணம் சிலந்தி. ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய்க்குள் சிலந்தி வலை கட்டியதால் தண்ணீர் தேங்கி, உயிர் காக்கும் காற்றுப்பையை இயக்கும் மின்கருவியின் மேல் சொட்டக்கூடும், பை தானாகவே விரிந்துவிடக்கூடும் என்று கண்டுபிடித்தார்கள். அத்தனை பெரிய நிறுவனம், அத்தனை பொறியாளர்கள், அத்தனை சோதனைகள். எல்லாவற்றையும் ஒரு சிலந்தி வலை பதில் சொல்ல வைத்தது. நம் வீட்டுப் போர்ச்சில் நிற்கும் மைவிக்கும் சாகாவுக்கும் நாம் கொஞ்சம் குனிந்து பார்ப்பது மிகையில்லை.

இனி கதவுகள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் அடிவிளிம்பில் உள்ள நீள்துளைகள் வழியாக வெளியே போக வேண்டும். ஒவ்வொரு கதவிலும் இப்படி இரண்டு மூன்று இருக்கும். கதவைத் திறந்து அடிவிளிம்பைக் கீழிருந்து பார்த்தால்தான் தெரியும். நின்ற வாக்கில் காரைக் கழுவுகிற எவர் கண்ணிலும் படாது. தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் கார்களில் இந்தத் துளைகள் களிமண்ணால் அடைபடும். பிறகு கதவைத் திறந்து மூடும்போதும், வளைவில் திரும்பும்போதும் உள்ளே தண்ணீர் தளும்பும் ஓசை கேட்கும். கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாரும் ஒலிபெருக்கியும் அந்த ஈரத்தில்தான் இருக்கின்றன.

கூலாயில் ஒரு பட்டறையில் பழைய சாகாவின் கதவு ஒன்றைக் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள். வெளியே பார்க்கப் பெயிண்டில் நாலைந்து கொப்புளம், அவ்வளவுதான். அங்கே வேலை செய்த தம்பி ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு கொப்புளத்தைத் தொட்டார். தகரம் பிஸ்கட்டுத் தூளாகக் கொட்டியது. "பெயிண்ட் வெளியேருந்து போகல அக்கா, உள்ளேருந்து தின்னுட்டு வருது" என்றார். கதவின் அடியில் விரலை விட்டு, கெட்டிப்பட்ட மண்ணைத் தோண்டி என் உள்ளங்கையில் வைத்தார். அதில் செம்பனைக் காயின் நார் கூட இருந்தது.

துருவுக்கு வேண்டியவை மூன்றுதான்: இரும்பு, தண்ணீர், காற்று. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். பாசிர் கூடாங், பொந்தியான், மெர்சிங் என்று கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்த உப்பும் காற்றிலேயே கிடைக்கிறது. வெளித்தகட்டில் விழும் மழை வெயில் வந்ததும் காய்ந்துவிடும். கதவுக்குள் சேறோடு சேர்ந்த ஈரம் காய்வதேயில்லை. இன்றைய கார்களின் தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சு கொடுக்கிறார்கள். அது துருவைத் தள்ளிப்போடும். ஆனால் மாதக்கணக்கில் ஈரச்சேற்றில் ஊற வைத்தால் எந்தப் பூச்சும் தாங்காது. துருவுக்குப் பயந்து அடிப்பகுதிக்குக் கறுப்புப் பூச்சு அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பூச்சு அடித்தவர்கள் கதவுத் துளைகளையும் கதவுக்குக் கீழே காரின் படியோரத் துளைகளையும் சேர்த்து மூடிவிட்டார்களா என்று பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் குனிந்து பாருங்கள். நல்லெண்ணத்தில் செய்த வேலையே தண்ணீரைச் சிறை வைத்துவிடும்.

சரி, எப்படிச் சுத்தம் செய்வது? வீட்டு விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக்கொள்ளுங்கள். அது வளையும், பெயிண்டைக் கீறாது, ரப்பரைக் குத்தாது. கம்பியும் ஸ்குரூடிரைவரும் வேண்டாம். துளையின் ஓரத்தில் பெயிண்ட் பெயர்ந்தால் துருவுக்கு நாமே வாசல் திறந்தது போலாகும். கதவுத் துளையில் ஈர்க்குச்சியை விட்டு மெல்ல அசையுங்கள். மண் உதிரும். பிறகு கண்ணாடியின் வெளிப்புறத்தில், ரப்பர் பட்டையை ஒட்டி ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில வினாடிகளில் கதவடியில் சொட்ட வேண்டும். சொட்டவில்லையென்றால் இன்னும் அடைப்பு இருக்கிறது.

முன் தொட்டிக்கும் இதே சோதனைதான். போனெட்டைத் திறந்து, கைக்கு எட்டும் இலைகளை முதலில் அள்ளிவிடுங்கள். தண்ணீரை அடித்து இலைகளைத் துளைக்குள் தள்ளிவிடாதீர்கள், அதுதான் பலர் செய்கிறது. அள்ளிய பிறகு ஒரு குவளை ஊற்றி, இரண்டு முன் சக்கரங்களுக்குப் பின்னாலும் தண்ணீர் விழுகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலை மிகவும் பிடிக்கும். ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் விழவில்லையென்றால், அந்தக் கறுப்புப் பலகையைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் பட்டறையில் கேட்டுக்கொள்ளலாம். அடுத்த சர்வீசின்போது "வைப்பர் பலகையைக் கழற்றி, கீழே உள்ள இலையை எடுத்துவிடுங்கள்" என்று ஒரு வரி சொன்னால் போதும்.

பெட்ரோல் ஊற்றும் மூடியைத் திறந்தால் அந்தக் குழியின் அடியிலும் ஒரு சிறு துளை தெரியும். காரின் பின்பக்க பூட் மூடியைச் சுற்றி ஓடும் வாய்க்காலிலும் இலை சேரும். இரண்டும் துணியால் துடைத்து எடுக்கும் வேலை.

கூரைக் கண்ணாடி உள்ள கார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் வண்டிகளை இப்போது நம்மவர்கள் நிறைய வாங்குகிறார்கள். அவற்றில் பலவற்றுக்குக் கூரை திறக்கும். அந்தக் கண்ணாடியைச் சுற்றி ஒரு தட்டு இருக்கிறது. அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் காரின் தூண்களுக்குள்ளே இறங்கித் தரைக்குப் போகின்றன. குழாய் அடைத்தால் கூரைத் துணியில் பழுப்புக் கறை விழும், தூண் ஓரமாகச் சொட்டும். இதற்கு ஈர்க்குச்சி எட்டாது. புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் மெல்லிய நைலான் இழையை முனையைத் தீயில் காட்டி மழுக்கிக்கொண்டு, வலுக்கட்டாயம் இல்லாமல் விட்டு எடுக்கலாம். காற்றழுத்தக் குழாயை வைத்து ஊதாதீர்கள். உள்ளே குழாய் இணைப்பு கழன்றுவிட்டால் கூரையையே பிரிக்க வேண்டிவரும்.

இன்னொன்று: காரின் அடியில் ரப்பர் மூடி போட்ட துளைகள் சில இருக்கும். பூட்டில் உதிரிச் சக்கரம் வைக்கும் குழியிலும் இருக்கும். அவை திறந்திருக்க வேண்டிய துளைகள் இல்லை. மூடியைக் கழற்றி வைத்தால் சாலைத் தண்ணீர் கீழிருந்து ஏறிவிடும். வெள்ளத்தில் நின்ற காருக்குத்தான் அவற்றைத் திறந்து, உள்ளே தேங்கியதை வடித்து, கம்பளத்தைத் தூக்கி வெயிலில் காயவைத்து, திரும்ப மூட வேண்டும். அப்படி நின்ற காரின் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த ஒரு திருப்பலிலேயே எஞ்சின் உடைந்துவிடக்கூடும்.

காப்புறுதி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறோம் என்ற நிம்மதியில் வெள்ளத்துக்கும் அது பொருந்தும் என்று பலர் நம்புகிறார்கள். வெள்ளம், புயல், நிலச்சரிவு ஆகியவற்றுக்கான கூடுதல் காப்பைத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தால்தான் வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்கும். சாலை வரி புதுப்பிக்கும்போது உங்கள் பத்திரத்தில் அது இருக்கிறதா என்று ஏஜெண்டைக் கேளுங்கள். துளை அடைத்து, நாளாக நாளாக ஊறிப்போன கம்பளத்துக்கும் துருப்பிடித்த கதவுக்கும் அந்தக் கூடுதல் காப்பும் கைகொடுக்காது. அது பராமரிப்புக் குறை என்றே கணக்கில் வரும்.

அடுக்குமாடிகளின் கீழே ஆண்டுக்கணக்கில் கைவிட்டுக் கிடக்கும் கார்களையும் நினைத்துப் பாருங்கள். அவற்றின் பள்ளங்களில் தேங்கும் மழைத்தண்ணீரில் ஏடிஸ் கொசுவின் முட்டை ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிப் பறக்கும். உங்கள் குடியிருப்பில் அப்படி ஏதும் நின்றால் நிர்வாகக் குழுவிடமோ நகராண்மைக் கழகத்திடமோ சொல்லி அகற்றச் செய்யுங்கள். டெங்கியில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போய்வந்தவர்களுக்கு நான் ஏன் இதையும் சேர்த்து எழுதுகிறேன் என்று புரியும்.

உங்களிடம் ஓர் உதவியும் கேட்கிறேன். துளைகள் இருக்கும் இடம் காருக்குக் கார் மாறும். காரோடு வரும் கையேட்டில் தேடினால் எளிதில் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் நம் அப்பாக்கள் பலர் படிக்கும் மொழியில் இருப்பதில்லை. ஆகவே இந்த மாதம் நீங்கள் தேடிக் கண்டுபிடித்ததை எழுதி அனுப்புங்கள். காரின் பெயர், எந்த ஆண்டு வாங்கியது, துளை எங்கே இருந்தது, உள்ளே என்ன கிடைத்தது என்று நாலு வரி போதும். படமும் இருந்தால் இன்னும் நல்லது. பட்டறை நடத்தும் வாசகர்கள் தங்கள் அனுபவத்தையும் சேர்த்து எழுதினால் பெரிய உதவியாக இருக்கும். ஜனவரி இதழில் கார்வாரியாகப் பிரித்து நான்கு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். டிசம்பர் 10க்குள் வந்து சேரும்படி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்